மலை எந்தப் பக்கம்

கதிர்வேல் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து சமையலறைக்குப் போனான். போய்ப் பார்த்தால் குளியலறையில் நின்றுகொண்டிருந்தான்.

விளக்கைப் போட்டான். வாளி இருந்தது. கைப்பிடி உடைந்து, மனைவி லோகநாயகி கம்பி கட்டிவைத்த நீல வாளி. அதை அவனுக்கு நன்றாகத் தெரியும். குடம் இருக்க வேண்டிய இடத்துக்கு அது எதற்கு வந்தது என்று யோசித்தபடி நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உடம்பு இன்னும் தேறவில்லை, தூக்கக் கலக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டுத் திரும்பினான். கூடம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே, டிவி சத்தம் வந்த திசையில் நடந்து போய்ச் சேர்ந்தான்.

மகள் ஹர்ஷிணி திரும்பிப் பார்த்தாள். “அப்பா, ஏன் செவுத்தைப் புடிச்சுட்டு வாரீங்க?”

“காலு கொஞ்சம் நடுங்குது கண்ணு.”

சின்னப் பொய்தான். அந்தப் பொய்க்குக் காவலாகப் பிறகு எத்தனையோ பொய் சொல்ல வேண்டி வந்தது.

காரமடைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் பதினாறு வருடம் டிரைவராக இருந்தவன் கதிர்வேல். அவன் வண்டியில் ஏறினால் மடியில் வைத்த முட்டைகூட உடையாது என்று பெண்கள் சொல்வார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சந்துக்குள் சந்தாகப் போய் முடிகிற இடத்தில் சொந்த வீடு. லோகநாயகி பக்கத்திலேயே ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குப் போகிறாள். குறை சொல்ல முடியாத பிழைப்பு.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் காய்ச்சல் வந்தது. வழக்கமான காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். மாத்திரை போட்டான், மிளகு ரசம் குடித்தான். தலைவலி மட்டும் விடவே இல்லை. ஒரு நாள் காலையில் காபி கொண்டுவந்த லோகநாயகியைப் பார்த்து, “டிக்கெட் எடுத்தாச்சுங்களா?” என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தான். மத்தியானம் வலிப்பு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். “காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் போடுமே, பாத்திருப்பீங்க. அந்த வைரஸ்தாம்மா. முக்கால்வாசிப் பேர் உடம்புல சும்மா படுத்துக் கிடக்கும். பல லட்சத்துல ஒருத்தருக்கு மூளைக்குள்ள ஏறிடும்,” என்றார் டாக்டர்.

“அது இவரை எதுக்குங்க தேடிப் புடிச்சுது?”

“அதுக்கு எங்ககிட்டப் பதில் இல்லீங்கம்மா.”

நாள் கணக்கில் மருந்து ஏறியது. பிழைத்தால் போதும் என்று லோகநாயகி வேண்டாத தெய்வமில்லை. பிழைத்துவிட்டான். கண் திறந்து அவள் பெயரைச் சொன்னான். மகள் எத்தனாம் வகுப்பு என்று சொன்னான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். யாருடைய கல்யாணத்தில் என்ன விருந்து என்பதுவரை சரியாகச் சொன்னான். “மூளைக்காய்ச்சல் வந்தவன் மாதிரியா இருக்கறான்? நம்மளை விடத் தெளிவா இருக்கறான்,” என்று அவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்கள்.

காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனது வேறொன்று. அது இன்னதென்று சொல்ல அவனுக்கே வார்த்தை இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலைப் பார்த்தால் தெரியும். மளிகைக் கடை தெரியும், தண்ணீர்த் தொட்டி தெரியும், எதிர்வீட்டு முருங்கை மரம் தெரியும். கோயிலிலிருந்து கடைக்கு எப்படிப் போவது என்பது தெரியாது. மாலையின் மணியெல்லாம் தரையில் உருண்டு கிடந்தது. கோத்திருந்த நூலைக் காணோம்.

ஒரு நாள் பால் வாங்க மளிகைக் கடைக்குப் போனான். லோகநாயகி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் போவது சிரமமாக இல்லை. கடை கண்ணுக்கெதிரே தெரிந்தது. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். பாலை வாங்கிக்கொண்டு திரும்பியதும் தெரு மாறிவிட்டிருந்தது. அவன் அதுவரை பார்த்தே இராத ஊர் ஒன்று வெயிலில் அமைதியாகக் கிடந்தது. மஞ்சள் வீடு, மாடியில் காயும் சேலை, யாரோ வாசலில் போட்ட மாக்கோலம். எல்லாம் அழகாக இருந்தன. கனவில் வரும் தெருக்கள் இப்படித்தான் இருக்கும். அங்கே யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பயம் பிறகுதான் வந்தது. பால் பாக்கெட் கையில் வியர்த்தது. கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். பேசுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது கடந்துபோகும்வரை அங்கேயே நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் பின்னாலேயே நடந்து வீட்டைப் பிடித்துவிட்டான்.

அந்த வித்தை கைவந்துவிட்டது. எங்கே வழி மறந்தாலும் போனை எடுத்துக் காதில் வைப்பான். சிரிப்பான், “ஆமா, ஆமா” என்பான். யாராவது தெரிந்தவர் வருவார், அவரைத் தொடர்ந்து போவான். தெருவில் எல்லாரும் அவனைப் பேச்சுக்காரன் என்று நினைத்தார்கள். லோகநாயகி மாடியில் துணி காயப்போடும்போது முனையில் நின்று போன் பேசும் கணவனைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

தூக்கத்தில் மட்டும் அவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. கண்ணை மூடினால் வண்டி தயாராக நிற்கும். காரமடையில் எடுத்து, வளைவு வளைவாக, நிறுத்தம் நிறுத்தமாகப் போவான். துடியலூர் வரும், கவுண்டம்பாளையம் வரும். ஒவ்வொரு ஊரும் தன் இடத்தில் நின்று அவனுக்கு வழிவிடும். கனவில் போக்குவரத்தே இருக்காது. ரோடு ஈரமாக இருக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். விழித்ததும் சில நொடிகள் அந்த வழி கைக்குள் இருப்பதுபோலிருக்கும். எழுந்து உட்காரும்போது ஓடிவிடும். தூக்கமும் விழிப்பும் அவனுக்குள் இடம் மாறிப்போயிருந்தன.

ஒரு நாள் காலையில் மாடியில் நின்றபோது மலையைப் பார்த்தான். குருடிமலை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற மலைதான். ஆனால் அன்றைக்குத்தான் அவனுக்கு அது உறைத்தது. வீடு இடம் மாறுகிறது, கடை இடம் மாறுகிறது, மலை மாறுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து காரமடைக்கு வரும்போது இடது கைப்பக்கம் மலை. காரமடையிலிருந்து போகும்போது வலது கைப்பக்கம். ரோடு ஒரே ரோடு. ஏறக்குறைய நேர்கோடு. அப்படியானால்?

அன்றே, மெயின் ரோட்டுக்குப் போகிறவர் ஒருவர் பின்னாலேயே போய்த் தன் பழைய வண்டியில் பயணியாக ஏறினான். கண்டக்டர் வெங்கடபதி, “வாங்க அண்ணா, வாங்க!” என்று முன்சீட்டை ஒதுக்கிக் கொடுத்தான். பத்து வருடமாகக் கூடவே வேலை செய்தவன். கதிர்வேல் மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனான், வந்தான். பிறகு வாரத்தில் பல நாள் போய்வந்தான். ஊர்ப் பெயர்ப் பலகைகளை மனத்துக்குள் சொல்லிச் சொல்லி உருப்போட்டான். வேலைக்காக ஏங்கிப்போயிருக்கிறான் என்று வெங்கடபதி நினைத்தான். அதுவும் பொய்யில்லை.

ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலிப்பு வராமல் ஒரு வருடம் போனது. அதற்கு மேலும் சில மாதம் போயின. பேருந்து முதலாளி கிருபாசங்கர் வீட்டுக்கே வந்தார். “புதுசா வந்த டிரைவர் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான் கதிரு. உனக்கு முடியும்னா சொல்லு. சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துரு.”

டாக்டர் தலையில் ஒயர் ஒட்டிச் சோதித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாம் செய்தான். “வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. டிரைவர் என்ற பெயர் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன என்று நினைத்தான். “ஒண்ணுமில்லீங்க சார்,” என்றான். சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கும்பிட்டுவிட்டு, கக்கூஸ் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான். அவசரம்போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்திருப்பார்.

திரும்ப ஸ்டியரிங்கில் கைவைத்த நாளில் அவனுக்கு அழுகை வந்தது. கை எதையும் மறக்கவில்லை. கியர் எங்கே, கிளட்ச் எவ்வளவு, மேட்டில் ஏறும்போது இன்ஜின் எப்போது முனகும் என்று காலும் கையும் தாமாகவே அறிந்திருந்தன. மலையை ஓரக்கண்ணால் பிடித்துக்கொண்டான். எங்கே நிறுத்த வேண்டும் என்று வெங்கடபதியின் விசில் சொன்னது. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் வெங்கடபதியின் பைக்கில் தொற்றிக்கொண்டான். ஐப்பசி முழுக்க இப்படி ஓடியது. வண்டியை விட்டு இறங்கும்போது ஒவ்வொரு நாளும் பரீட்சை எழுதி முடித்தவன்போல இருப்பான். லோகநாயகி தட்டில் சோறு போடும்போது அவன் முகத்தைப் பார்ப்பாள். “சந்தோசமா இருக்கறீங்களா?” என்று ஒருமுறை கேட்டாள். “நெம்ப,” என்றான்.

கார்த்திகையில் மூடுபனி இறங்கியது.

அன்று காரமடையில் முதல் டிரிப் எடுக்கும்போதே மலை இல்லை. வலது பக்கம் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது, அவ்வளவுதான். ஒரே ரோடுதானே, நேராகப் போனால் ஊர் வந்துவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டான். வண்டி பாதிதான் நிறைந்திருந்தது. கம்பெனிக்குப் போகும் பெண்கள், காலேஜ் பிள்ளைகள், காக்கிச் சட்டை போட்ட செக்யூரிட்டி ஒருவர். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் வெங்கடம்மாள் கறிவேப்பிலைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். தினமும் சந்தைக்குப் போகிறவள். இன்ஜின் சூட்டில் இலை வாடி, வண்டி முழுக்க அந்த மணம் பரவியிருந்தது.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு முன்னால் ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். குழாய் பதிக்கும் வேலை. அம்புக்குறி வலது பக்கம் காட்டியது. முந்தின நாள்வரை அது இல்லை.

கதிர்வேலின் கை வலது பக்கம் திருப்பிவிட்டது. திருப்பிய அந்த நொடியில், உள்ளே பிடித்துவைத்திருந்த கோடு பட்டென்று அறுந்தது. எங்கிருந்து வந்தான், எந்தப் பக்கம் போக வேண்டும், ஒன்றுமில்லை. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு பனிக்குள் தெரிந்தது. தெருவில் தெரிந்த ஆள் பின்னால் நடக்கிற பழக்கத்தில் அந்த விளக்கின் பின்னாலேயே போனான். இடது பக்கம் திரும்பச் சொன்ன அடுத்த அம்பு எப்போது கடந்துபோனதென்று அவன் பார்க்கவில்லை.

வீடுகள் குறைந்தன. மக்காச்சோளக் காடு வந்தது, தென்னந்தோப்பு வந்தது. பனியில் மரத்துக்கு அடி இருந்தது, முடி இல்லை. கோழித்தீவனம் ஏற்றிய அந்த லாரி ஒரு பண்ணைக் கேட்டுக்குள் நுழைந்து மறைந்தது. சிவப்பு விளக்கும் போய்விட்டது. அவன் நிறுத்தவில்லை. ரோட்டின் குறுக்கே மயிலொன்று நின்றது. வண்டியை மெதுவாக்கினான். அது அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோகையை ஈரத்தில் இழுத்துக்கொண்டு மெல்ல நடந்து மறைந்தது. வண்டிக்குள் பாதிப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள். யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரோடு ஈரமாக இருந்தது. இது கனவுதான் என்று கதிர்வேலுக்கு நிச்சயமாகத் தோன்றியது. உடம்பு பஞ்சாகிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக அவனை அழுத்திக்கொண்டிருந்த பயம் எங்கேயோ இறங்கிப்போய்விட்டது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்றிருந்தது. எங்கேயும் சேராமல் போனால்தான் என்ன?

பனி கிழிந்தது. மலை நேர் எதிரே நின்றது.

வலது பக்கம் இருக்க வேண்டிய மலை. கண்ணாடி முழுக்க, கருநீலமாக, பாறையில் வழியும் தண்ணீர்க்கோடுகூடத் தெரிகிற கிட்டத்தில். கனவில் மலை ஒருநாளும் முன்னால் வந்ததில்லை. கதிர்வேலின் கால் பிரேக்கை மிதித்தது.

“என்னுங்க டிரைவரு, இது எங்கீங்க போவுது?” செக்யூரிட்டிக்காரர் எழுந்துவிட்டார். “டைவர்சன்னு பாத்தா இந்நேரம் மெயின் ரோடு வந்திருக்கோணுமே!”

வெங்கடபதி சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தான். பின்சீட்டில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவன் வெளியே பார்க்கவில்லை. “ஏனுங்ணா, அங்க லெப்டு எடுக்கோணுமில்ல?”

கதிர்வேல் இன்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மலையையே பார்த்தான்.

“வெங்கடபதி, நாம எங்க இருக்கறம்?”

“என்னுங்ணா கேக்கறீங்க?”

“எனக்குத் தெரியலை. எந்த எடமும் தெரியலை. காய்ச்சல் வந்ததுல இருந்தே தெரியலை. மலையைப் பாத்துத்தான் இத்தனை நாளா ஓட்டிட்டிருந்தேன். இன்னைக்கி மலை இல்லை.”

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் இன்ஜின் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ஒரே நேரத்தில் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். காலேஜ் பெண் ஒருத்தி போனை நீட்டிப் படம் எடுத்தாள். செக்யூரிட்டிக்காரர் முகம் சிவந்துவிட்டது. “இத்தனை பேரு உசுரை வெச்சுட்டு வெளையாடறியா? உன்னையெல்லாம் எவன்யா வண்டியில ஏத்துனான்?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை என்று கதிர்வேலுக்குத் தோன்றியது. சாவியைப் பிடுங்கி வெங்கடபதியிடம் நீட்டினான். வெங்கடபதிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியை வாங்கிக்கொண்டு முழித்தான்.

இன்ஜின் பெட்டிப் பக்கத்திலிருந்து வெங்கடம்மாளின் குரல் வந்தது. “ஏஞ்சாமி, ஓட்டத் தெரியுமா? இல்லை, அதும் மறந்துபோச்சா?”

“ஓட்டத் தெரியுமுங்க ஆத்தா. போகத்தான் தெரியலை.”

அவள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கறிவேப்பிலைக் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப ஓட்டறதை நீ ஓட்டு. போறதை நாங்க சொல்றோம். இந்தக் காட்டுக்குள்ள நின்னுட்டு என்ன பண்ண? எலை வாடுதில்ல?”

“ஆத்தா, எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“இருக்கட்டும். மெதுவா போ. வெங்கடபதி, நீ எறங்கி விசிலடி. வண்டியைத் திருப்போணும்.”

வெங்கடபதி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினான். ரோடு கொஞ்சம் அகன்ற இடத்தில் கதிர்வேல் முன்னும் பின்னுமாக வண்டியைத் திருப்பினான். மலை கண்ணாடியை விட்டு நகர்ந்து முதுகுக்குப் பின்னால் போயிற்று.

“நேராப் போ சாமி. அந்தத் தொட்டி தெரியுதா, அதைத் தாண்டி அக்கட்ட சோத்தாங்கைப் பக்கம்.”

“சோத்தாங்கைன்னா ரைட்டுங்க,” என்று பின்னாலிருந்து காலேஜ் பெண் கத்தினாள். அவள் போனை உள்ளே வைத்துவிட்டிருந்தாள்.

“ஸ்கூல் வருது, பாத்துப் போங்ணா.”

“இந்தச் சந்து வேண்டாமுங்க, பஸ்ஸு போகாது. அடுத்தது.”

ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் சொன்னார். கம்பெனிப் பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டிச் சுவருக்கும் வண்டிக்கும் எத்தனை இடைவெளி என்று சொன்னார்கள். யாரோ தப்பாகச் சொல்ல, நாலு பேர் சேர்ந்து அதட்டினார்கள். அதற்குச் சிரிப்பு எழுந்தது. கதிர்வேல் எதையும் யோசிக்கவில்லை. காதில் விழுந்ததைக் கை செய்தது. வழி இத்தனை பேருடைய வாயிலும் இருந்தது. அவனுக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையம் நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். இறங்கி, கதவருகில் கைகூப்பி நின்றான். ஆட்கள் அடுத்த வண்டிக்கு மாறினார்கள். சிலர் தோளைத் தட்டினார்கள். செக்யூரிட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வெங்கடம்மாளின் கட்டுகளை வெங்கடபதி மாற்றி ஏற்றிவிட்டான். அவள் போகும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவிக் கதிர்வேலின் சட்டைப் பையில் செருகினாள். “ஊட்டுல சொல்லு சாமி. மொதல்ல ஊட்டுல சொல்லு,” என்றாள்.

கிருபாசங்கர் வந்து கத்தினார். கத்தி முடித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். வெங்கடபதி பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டான். கம்பெனிக்குப் போன் செய்து லோகநாயகியையும் வரவழைத்தான்.

அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். “வலிப்பு வந்துதுங்களா?”

“இல்லை லோகு. எனக்கு வழி தெரியறதில்லை.”

எல்லாவற்றையும் சொன்னான். வாளியிலிருந்து ஆரம்பித்தான். அவள் தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் எதிரே நின்று கேட்டாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் கோபம் ஏறியது.

“பஸ்ஸு நெறைய ஆளை ஏத்திட்டு... நம்ம ஹர்ஷிணி மாதிரி எத்தனை புள்ளைக! எப்படீங்க மனசு வந்துது?”

“தப்புத்தான்.”

“தப்புன்னு சொன்னா ஆச்சா?” அவள் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு, குரலே மாறிப்போய்க் கேட்டாள். “ஏனுங்க... தெருமொனையில நின்னுட்டு மணிக்கணக்கா போன் பேசுவீங்களே. அது யாரு?”

“யாருமில்லை. தெரிஞ்ச ஆளு வர்ற வரைக்கும் சும்மா காதுல வெச்சுட்டு நிப்பேன்.”

“யாருமே இல்லையா?”

“யாருமே இல்லை.”

லோகநாயகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கதிர்வேலுக்குப் புரியவில்லை. “ஒரு வருசமா,” என்றாள். “ஒரு வருசமா நான் சோறு எறங்காமக் கெடக்கறேன். எவளோ ஒருத்தி இருக்கறான்னு நெனச்சுட்டு. சீக்குல இருந்து எந்திரிச்ச மனுசன்கிட்ட என்னன்னு கேக்கறதுன்னு வாயை மூடிட்டு...” அவன் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மத்தியான வெயில் ஜன்னல் வழியே வந்து இருவர் காலிலும் விழுந்தது. ஹர்ஷிணி பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோதும் அவர்கள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். இந்தமுறை லோகநாயகிதான் பேசினாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மூளையில் இடத்தையும் இடத்தையும் சேர்த்து ஊர்ப்படம் போட்டுவைக்கிற பகுதி ஒன்று உண்டு, காய்ச்சல் அங்கே தழும்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றார். “நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்,” என்றார். “கொஞ்சம் திரும்பும். முழுக்கத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். வண்டி இனி வேண்டாம்.”

லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கிருபாசங்கர் மேஜையில் வைத்தான். அவர் ஷெட்டில் வேலை கொடுத்தார். காலையில் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்புவதும், ஓடிவந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று மெக்கானிக்குக்குச் சொல்வதும். ஷெட்டுக்கு நாலு சுவர், ஒரு கேட். அதற்குள் தொலைந்துபோக முடியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு இறங்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வீட்டில் அதிகம் பேசமாட்டான். லோகநாயகியும் விட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவனை நடக்கக் கூட்டிப்போவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து நடந்ததே இல்லை. அவனுக்கு எப்போதும் டிரிப் இருந்தது. அவள் வழியை வழியாகச் சொல்லமாட்டாள். கதையாகச் சொல்வாள். இந்த ஊட்டுக்காரிதான் மாமியார்கூடச் சண்டை போட்டுக் கேட்டை நீலமாக அடித்தவள், அந்தச் சண்டையைத் தாண்டினால் நாய் வளர்க்கிற வாத்தியார், அவர் நாய் குரைக்கிற பக்கம் திரும்பினால் தையற்கடை. கதையாகச் சொன்னது அவனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியது. ஒட்டியதும் சில நாள் காலையில் உதிர்ந்திருக்கும். மறுபடி சொல்வாள். ஒவ்வொரு முறையும் அவனுக்கு அந்தத் தெரு புதுசு. “பாரு, எவ்வளவு அழகா இருக்குது,” என்பான். “தெனமும் இதையேதான் சொல்றீங்க,” என்பாள் அவள். சொல்லிவிட்டுத் தானும் நின்று பார்ப்பாள்.

தை பிறந்தபின் ஒரு சாயங்காலம், வெங்கடபதிக்கு வேறு வேலை வந்துவிட்டது. “மெயின் ரோட்டுலயே எறக்கிவுடு, நான் போயிக்கறேன்,” என்றான் கதிர்வேல். வெங்கடபதி தயங்கித் தயங்கி இறக்கிவிட்டுப் போனான்.

முதல் சந்து சரியாக வந்தது. சண்டைக்காரியின் நீலக் கேட் வந்தது. அதற்குப் பிறகு தெரு மெல்ல நழுவியது. மாலை வெளிச்சத்தில் சுவர்களெல்லாம் ஒரே செம்மண் நிறமாகி, யாரோ கனவில் கட்டிய தெருபோல நின்றன. கதிர்வேல் நின்றான். கை பழக்கதோஷத்தில் பையிலிருந்த போனைத் தொட்டது. எடுக்கவில்லை.

ஒரு வாசலில் இளம்பெண் ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் குடிவந்தவள்போல, அவனுக்குத் தெரியாத முகம்.

“ஏனுங்க அம்மணி,” என்றான். “இங்க டிரைவர் கதிர்வேல் ஊடு எதுங்க?”

அவள் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “லோகநாயகி அக்கா ஊடுங்களா? இப்படியே போயி, அந்த முருங்கை மரத்துக்கு எதுத்த ஊடுங்க. ஆனா அவரு வேலையில இருந்து வர்ற நேரமுங்க இது. இன்னும் வந்திருக்காரோ என்னமோ.”

“வந்துட்டிருக்கறாருங்க,” என்றான் கதிர்வேல்.

சொல்லிவிட்டு, அவள் கைகாட்டிய பக்கம் நடந்தான்.